இருபது டிஷ்ஷும் ஒரு பூனையும்

“சார், எங்கப்பா வீட்டு டிஷ் மறுபடியும் செத்துப்போச்சு. காக்கா உக்காந்துடுச்சாம்.”

போனில் பேசியது போஸ்ட்மாஸ்டரின் மகன். டிஷ்காரர் அப்போதுதான் சட்டைக்குள் ஒரு கையை நுழைத்திருந்தார். இன்னொரு கை போனைப் பிடித்தபடி வெளியே இருந்தது.

“காக்கா உக்காந்தா டிஷ் சாகாதுங்களே.”

“அதெல்லாம் நீங்க காக்காகிட்ட பேசிக்கங்க. பணம் கட்டினது நான்.”

“உங்களுக்கு யாரு சொன்னா?”

“அப்பா பஸ் கண்டக்டர்கிட்ட சொல்லி அனுப்பியிருக்கார். ஞாயித்துக்கிழமை நானே நேர்ல போறேன். நீங்களும் வந்துடுங்க. ரெண்டுல ஒண்ணு பாத்துடலாம்.”

அந்த இரண்டில் ஒன்று டிஷ் என்பது டிஷ்காரருக்குப் புரிந்தது. மற்றொன்று தான் என்பதும் புரிந்தது. சட்டையின் இன்னொரு கையைத் தேடிக்கொண்டே நாற்காலியில் உட்கார்ந்தார்.

அடுப்படியிலிருந்து மனைவி எட்டிப் பார்த்தாள். “என்னங்க, இந்த வாரம் என்ன உக்காந்துச்சாம்?”

“காக்கா.”

“போன வாரம் பல்லிதானே?”

“பல்லி வேற வீடு.”

“அது சரி. எங்கப்பா பேசினார். கடை வாசல் ஸ்டூலுக்குப் பெயின்ட் அடிச்சு வெச்சிருக்காராம். காயறதுக்குள்ள உங்க தொழில் முடிஞ்சுடுமான்னு கேட்டார்.”

அந்த ஸ்டூலை டிஷ்காரருக்கு நன்றாகத் தெரியும். மாமனாரின் ஹார்டுவேர் கடையில் ஆணி எடை போடுகிறவன் உட்காரும் ஸ்டூல் அது. கல்யாணம் ஆன மறுவாரத்திலிருந்து அவர் அதில்தான் உட்கார்ந்திருந்தார். யாராவது வந்து ஆணி கேட்டால் மாமனார் கல்லாவிலிருந்தே “மாப்பிள்ளை, ஒரு இன்ச்!” என்று தெருவுக்கே கேட்கும்படி கத்துவார். கொஞ்ச நாளில் தெரு அவருக்கு ‘ஒரு இன்ச் மாப்பிள்ளை’ என்று பெயர் வைத்துவிட்டது. உயரத்திலும் அவர் கொஞ்சம் குறைவு. பெயர் பசை போட்டதுபோல ஒட்டிக்கொண்டது.

அந்தப் பெயரிலிருந்து தப்பிக்க வழி தெரியாமல் ஒரு நாள் வானத்தைப் பார்த்தார். வானத்தில் சாட்டிலைட் இருந்தது.

டவர் எட்டாத ஊர்களுக்கு டிஷ் வைத்து இன்டர்நெட் கொடுக்கிற கம்பெனி ஒன்று ஏஜென்ட் தேடிக்கொண்டிருந்தது. டிஷ்காரர் தேர்ந்தெடுத்த ஊர் இரண்டு மலைகளுக்கு நடுவில் பள்ளத்தில் கிடந்தது. ஒரே தெரு. அங்கே செல்போன் என்பது டார்ச்லைட்டின் இன்னொரு பெயர். மொட்டை மாடியில் ஏறி, ஒற்றைக் காலில் நின்று, கையைத் தூக்கினாலும் ஒரு கோடு சிக்னல் கிடைக்காது.

ஊரில் இருந்தவர்கள் பெரும்பாலும் வயதானவர்கள். அவர்களிடம் இன்டர்நெட் விற்க முடியாது என்று அவருக்குத் தெரியும். அவர் மூளை வேலை செய்தது அங்கேதான். அவர்களுடைய பிள்ளைகள் எல்லாரும் நகரத்தில் நல்ல வேலையில் இருந்தார்கள். ஒவ்வொருவரையும் ஆபீஸில் போய்ப் பார்த்தார்.

“சார், அம்மா முகத்தைத் தினமும் பாக்கலாம். மாசாமாசம் நீங்க கட்டினாப் போதும். அம்மாவுக்கு ஒரு கஷ்டமும் கிடையாது.”

அம்மா என்றதும் அத்தனை பேரும் உருகினார்கள். இருபது கனெக்‌ஷன் மளமளவென்று விற்றுப்போனது. கம்பெனியின் ஏரியா மேனேஜரே போனில் கூப்பிட்டுப் பாராட்டினார்.

“பிரமாதம். இருபதும் ஒரு மாசம் முழுசா ஒரு கம்ப்ளைன்ட் இல்லாம ஓடட்டும். மலையடிவாரத்துல இருக்கற அத்தனை ஊருக்கும் நீங்கதான் டீலர்.”

மாமனாரும் தன் பங்குக்கு ஒன்று சொன்னார். “மழைக்காலம் முடியற வரைக்கும் பாருங்க மாப்பிள்ளை. டீலர் ஆனா சந்தோஷம். ஆகலேன்னா ஸ்டூல் எங்கயும் போயிடாது.”

வானம் தெளிவாக இருந்தது. சாட்டிலைட் தன் வேலையை ஒழுங்காகச் செய்தது. கம்ப்ளைன்ட் வந்ததெல்லாம் தரையிலிருந்துதான்.

ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் நிற்க இடமில்லை. அந்த ஊருக்கு அது ஒன்றுதான் பஸ். உள்ளே இருந்தவர்களில் பாதிப்பேர் டிஷ்காரரின் வாடிக்கையாளர்கள். அவர் ஏறியதும் பஸ்ஸே ஒரு கம்ப்ளைன்ட் செல்லாக மாறிவிட்டது.

“என்ன சார், எங்கம்மா வீட்ல எட்டு நாளா இல்ல!”

“எங்க வீட்ல ஆட்டுக்குட்டி முட்டிடுச்சாம்!”

“உங்க டிஷ்ஷுன்னா மிருகங்களுக்கு அவ்வளவு இஷ்டமா?”

கண்டக்டர் மட்டும்தான் அவரிடம் அன்பாக இருந்தார். கூட்டத்தை விலக்கித் தன் சீட்டிலேயே உட்காரச் சொன்னார். கம்பிச் சுருளுக்கும் ஏணிக்கும் லக்கேஜ் டிக்கெட் கேட்கவில்லை. “நீங்க வாங்க சார், வாராவாரம் வாங்க” என்று முதுகில் தட்டிக்கொடுத்தார். உலகத்தில் நல்லவர்களும் இருக்கத்தான் செய்கிறார்கள் என்று டிஷ்காரர் நினைத்துக்கொண்டார்.

போஸ்ட்மாஸ்டர் ரிட்டையரானவர். எதையும் பத்திரமாகப் பாதுகாத்துப் பழகிய கை. மாடியில் டிஷ்ஷின் மேல் ஈரச் சாக்கு போர்த்தியிருந்தது.

“இது என்ன சார்?”

“காக்கா உக்காந்து அசிங்கம் பண்ணுது தம்பி. அப்புறம் வெயில் வேற. பாவம், நாள் பூரா வானத்தையே பாத்துக்கிட்டு நிக்குது. சூடாயிடாதா?”

“வானத்தைப் பாத்தாதான் சார் அது வேலை செய்யும்!”

“எங்களுக்கு என்ன தெரியும்? சொன்னாத்தானே தெரியும்” என்றார் போஸ்ட்மாஸ்டர் பால் மணம் மாறாத முகத்துடன்.

மகன் டிஷ்காரரை ஒரு பாட்டம் திட்டித் தீர்த்தான். போஸ்ட்மாஸ்டர் குறுக்கே புகுந்து, “விடுப்பா, அவர் என்ன பண்ணுவார்? உக்காந்து சாப்பிட்டுப் பேசுங்க” என்றார். போஸ்ட்மாஸ்டரின் மனைவி இலை போட்டாள். மகன் திட்டிக்கொண்டே சாப்பிட்டான். டிஷ்காரர் திட்டு வாங்கிக்கொண்டே சாப்பிட்டார். பெரியவர்கள் இருவரும் மாறி மாறிப் பரிமாறினார்கள். இத்தனை சந்தோஷமாக ரிப்பேரை வரவேற்கும் வாடிக்கையாளர்களை அவர் எந்தத் தொழிலிலும் பார்த்ததில்லை.

சாக்கை எடுத்ததும் நெட் வந்தது. காக்கா உட்காராமல் இருக்க டிஷ்ஷைச் சுற்றிப் பளபளவென்று தகரத் துண்டுகளைக் கட்டிவிட்டு வந்தார்.

அந்த வாரமே எலி ஆரம்பித்தது.

முதலில் லாரியம்மா வீட்டில். லாரியம்மா ஒரு காலத்தில் மூன்று லாரிகளைக் கட்டி மேய்த்தவர். குரல் இன்னும் ஹாரன்தான்.

“தம்பி! வந்து பாருங்க அநியாயத்தை! ஒயரை எப்படிக் கடிச்சு வெச்சிருக்கு பாருங்க!”

ஒயர் அறுந்திருந்தது. கத்தரித்தது மாதிரி நேராக, சுத்தமாக அறுந்திருந்தது.

“என்னம்மா, எலி கடிச்ச மாதிரி தெரியலையே?”

“எங்க ஊர் எலிக்குப் பல் நல்லா இருக்கும்” என்றார் லாரியம்மா.

லாரியம்மாவின் மகள் நகரத்தில் டாக்டர். அவளும் வந்திருந்தாள். அறுந்த ஒயரைப் பார்த்து, “எலிக்காய்ச்சல் பரவும்மா, ஜாக்கிரதையா இரு. இரு, நான் பிளட் டெஸ்ட் எடுத்துட்டுப் போறேன்” என்று அன்று முழுக்க அங்கேயே தங்கிவிட்டாள். லாரியம்மா கையை நீட்டிக்கொண்டு தேர் மாதிரி உட்கார்ந்திருந்தார்.

டிஷ்காரர் ஒயரை மாற்றி இரும்புக் குழாய்க்குள் விட்டார். அடுத்த வாரம் மாவு மில்காரர் வீட்டில் எலி. அதற்கடுத்து இன்னும் நான்கு வீடுகளில் எலி. குழாய் போட்ட வீட்டை எலி தொடவில்லை. ஆனால் அந்த வீட்டில் மோடத்தின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு மிக்ஸி ஓட்டினார்கள். கேட்டால், “ஓ, ரெண்டும் வேற வேற பிளக்கா?” என்றார்கள். மில்காரரின் மனைவி டிஷ் அழுக்காக இருக்கிறதென்று சபீனா போட்டுத் தேய்த்து, கழுவி, காய்வதற்காகச் சுவரைப் பார்த்துத் திருப்பி வைத்திருந்தாள்.

ஏரியா மேனேஜர் கூப்பிட்டார். குரலில் பழைய சர்க்கரை இல்லை.

“என்னங்க இது? காக்கா, பல்லி, ஆடு, எலின்னு வரிசையா வருது. நீங்க ஏஜென்சி நடத்தறீங்களா, மிருகக்காட்சி சாலை நடத்தறீங்களா? இப்படியே போனா டீலர் கையெழுத்தை வேற ஆளுக்குப் போட்டுடுவேன்.”

டிஷ்காரருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. எலிக்கு மருந்து பூனைதானே என்று யோசித்தார். மாமனார் கடை குடோனில் ஒரு பூனை இருந்தது. குடோனில் ஒரு எலியைக்கூட உயிரோடு விடாத பூனை. மாமனார் மதியம் கண் அயர்ந்த நேரத்தில் அதைக் கூடையில் போட்டு பஸ் ஏற்றிவிட்டார்.

அந்த ஊர்க்காரர்களுக்குப் பூனையைக் கண்டதும் வாயெல்லாம் பல். வீட்டுக்கு வீடு பால் வைத்தார்கள். பூனை தின்றது, தூங்கியது, உப்பியது. எலி மட்டும் பிடிக்கவில்லை. ஒன்றே ஒன்றுகூட! ஓய்வு நேரத்தில் டிஷ்ஷின் இளஞ்சூடு அதற்குப் பிடித்துப்போய், ஒரு நாளைக்கு ஒரு வீடு என்று முறை வைத்து, ஒவ்வொரு டிஷ்ஷின் மேலும் சுருண்டு படுத்தது. பூனை படுத்த வீட்டில் நெட் படுத்தது.

இங்கே மாமனார் குடோனில் எலிகள் திருவிழாக் கூட்டம்போலப் பெருகி, பெயின்ட் பிரஷ்களின் மயிரையெல்லாம் தின்று தீர்த்தன.

“மாப்பிள்ளை, என் பூனை எங்க?”

“மாமா, அது வந்து… ஃபீல்டு வொர்க்ல இருக்கு.”

“நீங்களும் அதுவும் சேர்ந்தே திரும்பி வந்துடுங்க. உங்களுக்கு ஸ்டூல், அதுக்குக் குடோன்.”

மனைவி அன்று சாப்பாடு போடும்போது சிரிக்கவில்லை. தட்டை வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

“என்னங்க, எனக்கு நீங்க டீலர் ஆகணும்னுகூட இல்ல. எங்கப்பா இனிமே உங்களை அந்த மாதிரி கத்திக் கூப்பிடக் கூடாது. எனக்குக் கூசுது.”

டிஷ்காரர் பிசைந்த சோற்றை வாய்க்குக் கொண்டுபோக முடியாமல் அப்படியே வைத்திருந்தார். அவள் இத்தனை காலம் அதைக் காதில் வாங்கிக்கொண்டிருந்தாள் என்பதே அவருக்கு அன்றுதான் தெரிந்தது. அவமானமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. இதற்கு ஒரு முடிவு கட்டாமல் விடுவதில்லை என்று கை கழுவினார்.

நேராக மாமனாரிடம் போனார்.

“மாமா, எனக்கு உயரமான இரும்புக் குழாய் வேணும். ஸ்டீல் பெட்டி வேணும். பெரிய பூட்டு வேணும்.”

மாமனார் மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். “எடுத்துக்கங்க. இதுவும் நிக்கலேன்னா?”

“ஸ்டூல்ல வந்து உக்கார்றேன். சாகற வரைக்கும் எந்திரிக்க மாட்டேன்.”

“பேச்சு மாறக் கூடாது மாப்பிள்ளை” என்று குழாயை அவரே தோளில் தூக்கி வைத்தார்.

அந்த ஊரில் டிஷ்காரரிடம் உண்மையிலேயே இன்டர்நெட் கேட்டு நச்சரித்தவர் ஒருவர்தான்: பால் சொசைட்டி செக்ரட்டரி. பிள்ளை குட்டி இல்லாத தனிக்கட்டை. பொழுது போகாமல் போனில் சீட்டு விளையாட ஆசைப்பட்டவர். சொசைட்டிக் கட்டடம் தெருவின் நடுவில் இருந்தது. அதற்கு மாடிப்படி கிடையாது.

“தாராளமா வைங்க. நீங்க ஏணியை எடுத்துட்டுப் போயிட்டா காத்துகூட மேல ஏறாது” என்றார் செக்ரட்டரி.

இருபது டிஷ்களையும் வீடு வீடாகக் கழற்றி சொசைட்டி மேல் ஏற்றினார். குழாய்களில் உயரத் தூக்கிக் கட்டினார். மோடங்களை ஸ்டீல் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினார். சூரிய வெளிச்சத்தில் ஓடும் பேட்டரி. பிளக் என்ற பேச்சே இல்லை. அங்கிருந்து தெரு முழுக்க வீடுகளுக்குள் காற்றிலேயே நெட் வந்தது. கடிக்க ஒயர் இல்லை, மூடச் சாக்குக்கு எட்டாது, பிடுங்கப் பிளக் இல்லை. பூனை நாலு தடவை சுவரில் தாவிப் பார்த்து, மானம் போய்ப் படுத்துவிட்டது. அதைக் கூடையில் போட்டு மாமனாரிடமே சேர்த்துவிட்டார்.

வேலை நடந்தபோது தெருவே வேடிக்கை பார்த்தது. ஏனோ யாரும் டீ கொடுக்கவில்லை.

“தம்பி, பெட்டிச் சாவி யார்கிட்ட இருக்கும்?” என்று லாரியம்மா கேட்டார்.

“என்கிட்டதாம்மா. கவலைப்படாதீங்க.”

“ஏணி?” என்று போஸ்ட்மாஸ்டர் கேட்டார்.

“அதையும் எடுத்துட்டுப் போறேன் சார். யாராலயும் தொட முடியாது.”

போஸ்ட்மாஸ்டர் மாடியை ஒரு தடவை பார்த்தார், செக்ரட்டரியை ஒரு தடவை முறைத்துப் பார்த்தார், வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

ஒரு வாரம் ஓடியது. போன் மணி அடிக்கவில்லை. இன்னொரு வாரம் ஓடியது. டிஷ்காரர் தன் போன் ரிப்பேராகிவிட்டதோ என்று மனைவியைவிட்டுக் கூப்பிடச் சொல்லிப் பார்த்தார். போன் நன்றாக இருந்தது. மழையும் வந்தது, இடியும் இடித்தது, பெட்டி அசையவில்லை. ஒரு மாதம் முழுசாக, ஒரு கம்ப்ளைன்ட் இல்லாமல் போனது.

ஏரியா மேனேஜர் குரலில் சர்க்கரை திரும்பியிருந்தது. “டீலர் சார்! வணக்கம்! ஆர்டர் போட்டாச்சு. மலையடிவாரம் பூரா உங்களுக்குத்தான்.”

மாமனார் கடையில் எல்லார் முன்னிலையிலும் எழுந்து நின்று கை கொடுத்தார். ஸ்டூலில் புது ஆள் ஒருவரை உட்கார வைத்தார். பழக்க தோஷத்தில் “மாப்பிள்ளை, ஒரு…” என்று ஆரம்பித்துவிட்டு, “ஒரு காபி சாப்பிடுங்க” என்று முடித்தார். மனைவி அன்றைக்குப் பூரா வீட்டில் பாடிக்கொண்டே வேலை செய்தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை டிஷ்காரர் புதுச் சட்டை போட்டுக்கொண்டு, இருபது பாக்கெட் இனிப்போடு வாடிக்கையாளர்களுக்கு நன்றி சொல்லக் கிளம்பினார். செக்ரட்டரி முன்பே கொடுத்து அனுப்பியிருந்த பைக்கில், மாடிப் பெட்டியையும் ஒரு தடவை பார்த்துவிட ஏணியைக் கட்டிக்கொண்டு, காலையில் போய் இறங்கினார்.

போஸ்ட்மாஸ்டர் வீட்டில் போன் ஒரு டம்ளரில் சாய்ந்து நின்றது. திரையில் மகனின் முகம்.

“சாப்டியாப்பா? சரி, மாத்திரை போட்டுக்க. வைக்கறேன், இன்னொரு கால் வருது.”

திரை கறுத்தது. டிஷ்காரருக்குப் பெருமை தாங்கவில்லை. “பாத்தீங்களா சார், படம் எவ்வளவு தெளிவு! மீசை முடியை எண்ணலாம்!”

போஸ்ட்மாஸ்டர் இனிப்பை வாங்கி அலமாரியில் வைத்தார். “ஆமா. எண்ணிக்கிட்டுதான் இருக்கேன்” என்றார். உட்காரச் சொல்லவில்லை.

லாரியம்மா வாசலிலேயே பாக்கெட்டை வாங்கிக்கொண்டார். ஹாரன் அடிக்கவே இல்லை. மில்காரர் மனைவி, “சாப்பிட்டீங்களா?” என்றுகூடக் கேட்கவில்லை. அடுப்பே பற்றவைத்த மாதிரி தெரியவில்லை. ரிப்பேர் நேரத்தில் விருந்து போட்டவர்கள், எல்லாம் சரியானதும் முகம் கொடுக்காததைப் பார்த்து டிஷ்காரருக்கு வருத்தமாக இருந்தது. காரியம் ஆனதும் கழற்றிவிடுகிற உலகம் என்று தேற்றிக்கொண்டு, பைக்கைச் செக்ரட்டரியிடம் ஒப்படைத்துவிட்டு, ஏணியோடு சாயங்கால பஸ்ஸில் ஏறினார்.

பஸ் காலியாக இருந்தது. டிரைவர், கண்டக்டர், டிஷ்காரர், ஏணி. எந்த சீட்டில் உட்காருவது என்று தேர்ந்தெடுக்கவே கொஞ்ச நேரம் ஆனது.

“ஏணிக்கு லக்கேஜ் டிக்கெட்” என்று கண்டக்டர் கிழித்து நீட்டினார்.

டிஷ்காரர் திகைத்தார். “என்னப்பா, இத்தனை நாள் கேட்டதே இல்லையே?”

“இத்தனை நாள் கூட்டம் இருந்துச்சு சார். இந்த வாரத்தோட ஞாயித்துக்கிழமை வண்டியையே நிறுத்தறாங்க.”

“அடடா. சரி விடுங்க, இனிமே எனக்கும் இங்க வேலை இல்ல. எலி, காக்கா எல்லாத்தையும் ஒழிச்சுட்டேனே! அடுத்து மலையடிவாரத்துல எல்லா ஊருக்கும் இதே மாதிரி மாட்டப் போறேன்.”

கண்டக்டர் பையைத் தோளில் இழுத்து விட்டுக்கொண்டு, காலி சீட்டுகளை ஒரு தடவை பார்த்தார்.

“அந்த ஊர்ல ஏது சார் எலி? நெட்டு செத்தாதான் புள்ளைங்க நேர்ல வரும்னு, ஒயரை அறுத்ததெல்லாம் பெத்தவங்கதான்.”